உத்தரவு கேட்கிற றைவர்

அந்த மனுசன் கேட்காமல் எதையும் செய்யமாட்டார். காரை மரத்தின் கீழ் விடட்டா என்று கேட்பார். விட்ட காரை எடுக்கட்டா என்றும் கேட்பார். ஒரு தரம் எங்கள் வளவுக் கிணற்றில் தண்ணீர் அள்ள என்னிடம் உத்தரவு வாங்கி, அள்ளி முடிந்த பிறகு, "இதில முகம் கழுவலாமா அம்மா, குடிக்க மட்டுந்தானா?" என்று இன்னொரு உத்தரவுக்கு நின்றார். கழுவாமல் அதை வைத்துப் பூசையா செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"கேட்டா என்ன அம்மா, ஒரு சொல்லுத்தானே செலவு" என்றார்.

அவருடைய பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். எழுதப்போவதில்லை. அவரிடம் கேட்காமல் எழுதுவது சரியில்லை, கேட்பதற்கு அவர் இப்போது இல்லை.

மட்டக்களப்பில் நாங்கள் பறங்கியர் என்று சொல்லும், போர்த்துக்கேயர் வழிவந்த ஆட்களில் ஒருவர். வீட்டுக்குள் பெண்சாதியோடும் ஆறு பிள்ளைகளோடும் பறங்கிப் பாஷை. வாசல் தாண்டினால் எங்களைப் போலவே தமிழ். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் காய்ந்து எங்கள் ஆட்களைவிடக் கறுத்துப்போயிருந்தார், கண் மட்டும் பூனைக்கண். ஒரு பழைய தொப்பி வைத்திருந்தார். அது போடுவதற்கு அல்ல, கழற்றுவதற்கு. ஆரைக் கண்டாலும் கழற்றுவார், எருமை மேய்க்கிறவனைக் கண்டாலும்கூட. சொந்தமாக ஒரு வாடகைக் கார் ஓட்டினார். நாங்கள் இருந்த புளியந்தீவில் அப்போது வாடகைக்குக் கார் வைத்திருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

நான் அவரோடு காரில் போனது நாலு நாள்தான். ஆனால் அந்த நாலு நாளை நான் இன்னும் மறக்கவில்லை. கல்லடிப் பாலம் கட்டிச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். என் புருஷனுக்கு அரசாங்கத்தில் கிளாக்கர் உத்தியோகம். இந்தக் கதையில் புருஷனை இவர் என்பேன், றைவரை அவர் என்பேன். குழப்பம் வராது, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எதிர்மாறு.

இவருடைய கந்தோரில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். துரைசாணியையும் ஏற்றிக்கொண்டு காரில் ஊர் சுற்றப் போவார், வாடிவீட்டில் தங்குவார், திரும்பி வந்து கடலைப்பற்றியும் கொக்கைப்பற்றியும் கதைப்பார். அதைக் கேட்டுக் கேட்டு இவருக்கும் ஆசை பிடித்துவிட்டது. டிசம்பரில் நத்தார்ப் பெருநாள் முடிய லீவு கிடைத்தது. பொத்துவில்வரை காரில் போய் வருவோம் என்று முடிவெடுத்தார்.

அந்த நாளில் புருஷனும் பெண்சாதியும் வெளிக்கிட்டால் கோயிலுக்கு, இல்லாவிட்டால் கலியாணத்துக்கு, அதுவும் இல்லாவிட்டால் செத்தவீட்டுக்கு. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டா.

"எந்தக் கோயிலுக்குப் புள்ள நேத்திக்கடன்?"

"கோயிலுக்கில்ல மாமி. சும்மா போறம்."

"சும்மா ஆரும் பொத்துவிலுக்குப் போவாங்களா?" என்றவ, மறுகா குரலைத் தணித்து, "அலையாம இரு புள்ள, மூணு மாசமெல்லோ" என்றா.

மாமிக்குத் தெரிந்தது இவருக்கும் தெரியும். எனக்கு மூன்று மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை, இரண்டும் இதே கணக்கில்தான் போனவை. எனக்குப் பயணம் போக மனமே இல்லை. "கடல்காத்து உடம்புக்கு நல்லம்" என்று இவர் சொல்லிவிட்டார், அதோடு பேச்சு முடிந்தது. இவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கடையில் நல்ல சேலை கண்டால் எனக்கு வாங்கிவருவார். என்ன நிறம் வேண்டுமென்று கேட்கமாட்டார். ஆறு வருஷமாக நீலச் சேலை உடுத்தேன். எனக்கு நீலம் பிடிக்காது.

கார் பாலம் தாண்டி ஆரையம்பதிக்கு வந்ததும் முதல் தடங்கல். நடு றோட்டில் ஒருவர் வலை காயப்போட்டுப் பக்கத்தில் குந்தியிருந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். ஹோன் அடித்தால் எழும்பி இழுத்துவிடுவார். எங்கள் றைவர் காரை நிற்பாட்டி, இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார்.

"அண்ணன், இதால போகலாமா? வலை காய இன்னும் நேரமிரிக்குமோ?"

வலைக்காரர் பீடியை முடித்தார். வானத்தைப் பார்த்தார். வலையைத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகு இரண்டு பேருமாக வலையைத் தூக்கி ஓரமாய்ப் போட்டார்கள். அவர் திரும்பி வரும்போது பனையோலையில் சுற்றிய நாலு மீன் கையில் இருந்தது.

இவருக்குக் கோபம். "றோட்டு அரசாங்கத்திட. அதில வலை போட்டவன் பிழையாள். அவனிட்டப் போய்த் தொப்பியைக் கழட்டுறீங்க."

"றோட்டு அரசாங்கத்திடதான் ஐயா. ஊர் அவங்கட."

மருதமுனையில் நாங்கள் போகிற ஒழுங்கை நீளத்துக்குப் பாவு நூல் நீட்டி வைத்திருந்தார்கள். நெசவுக்கார முதலாளி ஒருவர், வெள்ளைத் தாடி, பாவுக்குக் கஞ்சி பூசிக்கொண்டு நின்றார். அங்கேயும் இறங்கினார், கழற்றினார், கேட்டார். "பூசி முடிய நேரம் செல்லும். வந்து தேத்தண்ணி குடிங்க" என்றார் தாடிக்காரர். உள்ளேயிருந்து எனக்குத் தனியாக இஞ்சி போட்ட தேநீர் வந்தது. இவர் காரை விட்டு இறங்கவில்லை. மணிக்கூட்டைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அலுப்புத்தான். இப்படி ஒவ்வொரு இடமும் கும்பிட்டுக்கொண்டு போனால் பொத்துவிலுக்கு அடுத்த நத்தாருக்குத்தான் போவோம் என்று இவரிடம் சொன்னேன். அந்தப் பயணத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாய்ச் சிரித்தது அதற்குத்தான்.

அன்று பின்னேரம் கேட்டேவிட்டேன். "நீங்க ஏன் இப்பிடி? ஆருக்குப் பயம்?"

"பயமில்ல அம்மா" என்றார், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "எங்கட ஆக்கள் கப்பல்ல வரேக்க ஒருத்தரையும் கேக்காம வந்து இறங்கினவங்க. கேக்காமலே கோட்டையும் கட்டினாங்க. அதுக்கும் சேத்துத்தான் நான் கேக்கிறன்."

பகிடிக்குச் சொன்னாரா, மெய்யாய்ச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சொல்லிவிட்டுத் தானே சிரித்தார், இவர்கூடச் சிரித்துவிட்டார்.

திருக்கோவிலுக்குத் தெற்கே ஒரு தனி யானை றோட்டை மறித்துக்கொண்டு நின்றது. காரை எட்ட நிற்பாட்டி, கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு, அதனோடு பறங்கியில் ஏதோ கதைத்தார். கொஞ்ச நேரத்தில் யானை காட்டுக்குள் இறங்கிவிட்டது.

"அதுக்குத் தமிழ் விளங்காதா?" என்று கேட்டேன்.

"தமிழ் விளங்கும். விளங்கினா மறுமொழி சொல்லும். பறங்கியில கேட்டா என்ன சொல்றதெண்டு யோசிச்சுக்கொண்டு போயிரும்."

பொத்துவில் வாடிவீட்டில் இரண்டு நாள் இருந்தோம். இவர் துரையைப்போலக் கதிரையை விறாந்தைக்கு இழுத்துப்போட்டுக் கடலைப் பார்த்தார். கொக்கைத் தேடினார். போய்ச் சேர்ந்த இரவும் மறுநாளும் மழை ஓயவில்லை. மூன்றாம் நாள் வானம் வெளித்தது, இன்னும் ஒரு நாள் நிற்போம் என்றார், நின்றோம். நாலாம் நாள் விடிய நான் எழும்பியபோது சேலையில் இரத்தம் பட்டிருந்தது.

இதற்குமுன் இரண்டு தரம் கண்டதால் எனக்கு அது என்னவென்று விளங்கியது. இவரிடம் சொன்னேன். மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் எப்படியாவது காப்பாற்றிவிடலாம் என்று இவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். உடனே புறப்பட்டோம். றைவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஆறு பிள்ளைகளின் தகப்பனுக்குச் சொல்லவா வேண்டும். பின் ஆசனத்தில் தன்னுடைய பாயை மடித்துப் போட்டிருந்தார். அன்றைக்குக் காரைக் குலுங்கவிடாமல் ஓட்டினார்.

கோமாரி தாண்டிக் கடலை ஒட்டித் தேங்கிக் கிடக்கும் ஒரு சின்னக் களப்பு இருக்கிறது. றோட்டு அதைச் சுற்றிக்கொண்டு போகும். அந்த மழைக்கு றோட்டு முழுவதும் தண்ணீருக்குள். மாட்டுவண்டிகள் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்திட்டில்தான் போய் வந்தன. எங்களுக்கும் அந்த ஒரு வழிதான். திட்டுக்குக் கிட்ட வரும்போது காருக்கு முன்னால் ஆட்கள் தெரிந்தார்கள். ஐம்பது பேர் இருக்கும். எல்லார் கையிலும் மண்வெட்டி.

ஆற்றுவாய் வெட்டுகிறார்கள். மாரியில் களப்பு நிரம்பினால் தண்ணீர் திரும்பி வயலுக்குள் ஏறும். திட்டை வெட்டிக் கடலுக்குத் திறந்துவிட்டால்தான் பயிர் தப்பும். சின்ன வாய்க்காலாக வெட்டிவிட்டால் போதும், தண்ணீர் தானே இடித்துப் பெருப்பித்துக்கொள்ளும். அதன் பிறகு ஒரு கிழமைக்கு அதைக் கடக்க முடியாது. அவர்கள் முழங்கால் ஆழத்துக்கு வெட்டிவிட்டார்கள். கடல் பக்கத்தில் ஒரு பாகம்தான் மிச்சம்.

இவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனார். கண்ணாடி இறக்கியிருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"ஆர் இதுக்குப் பொறுப்பு? ஆரிட்ட உத்தரவு வாங்கி வெட்டுறீங்க?"

நரைத்த மீசையும் இடுப்பில் முடிந்த சால்வையுமாக ஒருவர் முன்னுக்கு வந்தார். "இந்த வட்டை வயலுக்கெல்லாம் பொறுப்பான விதானை நான்தான். உத்தரவுக்கு ஆள் போய் நாலு நாள் ஐயா. பயிர் நாலு நாளைக்கு மூச்சடக்குமா?"

"நான் அரசாங்க உத்தியோகத்தன். அவசர அலுவலாப் போறன். கார் தாண்டுமட்டும் வெட்டு நிக்கோணும். இல்லாட்டி எல்லார்ர பேரும் எழுதிக்கொண்டுதான் போவன்."

சட்டைப்பையிலிருந்து பென்சிலையும் எடுத்துவிட்டார். பயந்து நிற்பார்கள் என்று நினைத்திருப்பார். கந்தோரில் அது நடந்திருக்கும். வயல்காரனுக்கு அப்படியில்லை. உத்தரவு இல்லாத வேலை, பேர் எழுத ஒருவன் வந்துவிட்டான் என்றால், மேலிடத்து ஆள் வந்து மறிக்க முன்னம் வெட்டி முடித்துவிடவேண்டும். வெட்டித் திறந்த ஆற்றுவாயை எந்தத் துரையாலும் மூட முடியாது. "அவர் எழுதட்டும், நீங்க வெட்டுங்கடா" என்று யாரோ சொன்னது கேட்டது. மண்வெட்டிகள் இரண்டு மடங்கு வேகத்தில் விழத் தொடங்கின.

இவர் கார் ஜன்னலுக்கு ஓடி வந்தார்.

"உள்ளதைச் சொல்லுங்களன்" என்றேன்.

"அம்பது ஆம்பிளையளுக்கு முன்னால இந்த விசயத்தை எப்பிடிச் சொல்ற? நாளைக்கு என்னை ஆர் மதிப்பான்?"

எனக்கு அந்த நேரம் வந்த ஆத்திரத்தை இப்போது எழுதினாலும் கை சுடுகிறது. வயிற்றுக்குள் இழுத்துப் பிடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மற்றப் பக்க ஜன்னலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திறந்து பார்த்தேன். றைவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, குறை நினைக்கப்படாது. உங்கட நிலமைய நான் அவங்களிட்டச் சொல்லலாமா? வேணாமெண்டா சொல்லமாட்டன். வேற வழி பாப்பம்."

வேறு வழி ஒன்றும் இல்லையென்று அவருக்கும் தெரியும். இருந்தும் என் சொல்லுக்காகக் காத்து நின்றார். மருத்துவிச்சி கேட்கவில்லை, மாமியார் கேட்கவில்லை, புருஷன் கேட்கவில்லை. என் உடம்பைப்பற்றி என்னிடம் உத்தரவு கேட்ட முதல் ஆள், வாடகைக் கார் ஓட்டுகிற ஒரு பறங்கி மனுசன். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் இவரைப் பார்க்கவில்லை.

"சொல்லுங்க" என்றேன். "எல்லாத்தையும் சொல்லுங்க."

போனார். அவர் கத்தவில்லை, விதானைக்குப் பக்கத்தில் போய் மெல்லத்தான் சொன்னார். விதானை காரைப் பார்த்தார். கையை உயர்த்தினார். மண்வெட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"எத்தின மாசம்?" என்று விதானை கேட்டார்.

"மூணு. இதுக்கு முன்னம் ரெண்டு போயிட்டு."

"மண்ணை இழுத்து மூடுங்க" என்றார் விதானை.

விடியத் தொடங்கி வெட்டிய மண். அதைக் காரின் அகலத்துக்குத் திரும்ப இழுத்துப் போட்டார்கள். மேலே பச்சை ஓலை வெட்டிப் பரப்பினார்கள். அவர்களுக்குக் கஞ்சி கொண்டு வந்திருந்த ஒரு பொம்பிளை, தன் தலையில் சும்மாடாக வைத்திருந்த சீலையை உதறி மடித்து ஜன்னலால் என் மடியில் வைத்தா. றைவர் சில்லுக் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஏறினார். அந்த ஐம்பது பேரும் பின்னால் நின்று தள்ளினார்கள். அவர்களுக்குள் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு நின்றார். கோட்டு மணலில் கிடந்தது. இவர் வெளி இடத்தில் கோட்டைக் கழற்றியதை அன்றுதான் கண்டேன்.

கார் அந்தப் பக்கம் ஏறியதும் றைவர் இறங்கித் திரும்பிப் போய் விதானையிடம் ஏதோ கேட்டார். விதானை கடலைக் காட்டித் தலையாட்டினார். என்னவென்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடல் வற்றும் நேரத்தில் திறந்தால்தான் களப்புத் தண்ணீரை இழுக்கும். எங்களுக்காக நின்றதில் அந்த வற்று தவறிவிட்டது. கடல் ஏறத் தொடங்கிவிட்டது. இனி நாளைக்குத்தான் வெட்டலாம். தாழ்ந்த வயல் வரவைகள் இரண்டு மூன்று அந்த ஒரு நாளில் அழுகிப்போயின. அவை யாருடையவை என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போது சில நாளில் நினைவு வரும்.

மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குப் பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். பிள்ளை தங்கவில்லை. நான் தங்கினேன். இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் அதுவும் இல்லையென்று டொக்டர் சொன்னார். நாலு நாள் கட்டிலில் கிடந்தேன். அழுதேன். மூன்றாவது என்பதால் குறைவாக அழவில்லை.

அதற்கிடையில் றைவர் அந்தக் களப்படிக்கு ஒரு தரம் போய் வந்திருக்கிறார். விதானையைத் தேடிப்பிடித்து, தாய் தப்பிவிட்டா, பிள்ளைதான் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். யாரும் அனுப்பவில்லை. எங்களுக்காக வெட்டை நிற்பாட்டினவர்களுக்கு முடிவு சொல்லாமல் விடலாமா என்று பெண்சாதியிடம் கேட்டாராம். "கேட்டுக்கொண்டு நிக்காமப் போ" என்று மனுசி பறங்கியில் ஏசினாளாம். மனுசியே வந்து தமிழில் எனக்குச் சொல்லிச் சிரித்தாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று காலையில் இவர் வந்து கட்டில் விளிம்பில் இருந்தார். முகம் வழிக்கவில்லை. நாலு நாளில் நாலு வயசு ஏறியிருந்தது. வெளியே வேம்புக்குக் கீழே கார் நின்றது. றைவர் சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"வீட்டுக்குப் போவமா?" என்று இவர் கேட்டார். இருமிவிட்டு மறுபடி கேட்டார். "இல்லாட்டி உன்ட அக்கா வீட்ட கொஞ்ச நாள் இரிக்கப் போறியா? நீ என்ன சொல்றாய்?"

ஆறு வருஷத்தில் இவர் என் விருப்பத்தைக் கேட்ட முதல் கேள்வி இது. உடனே சொல்லியிருக்கலாம். எனக்கு அக்கா வீட்டுக்குப் போகத்தான் விருப்பம், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

"யோசிச்சுச் சொல்றன்" என்றேன்.

இவர் தலையாட்டிவிட்டு இருந்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக, அரை மணித்தியாலம் என் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். பிள்ளை போன துக்கத்துக்குள்ளும் அந்த அரை மணித்தியாலம் எனக்கு வேண்டியிருந்தது.